தின்னாமல் உடைத்தது யார்?

கொன்றைமடுக் காட்டில் ஓடை வற்றிக்கொண்டிருந்தது. யானைக் கூட்டத்தின் மூத்தவள் பெரியநாச்சி ஓடைக்கரைப் பாறை அருகே வந்து நின்று, எல்லா விலங்குகளையும் கூப்பிட்டாள். வெகுகாலமாக அந்தக் காட்டுக்கு அவள்தான் தலைவி.

“இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா மடுவுல மட்டும்தான் தண்ணி நிக்கும். நாங்க இங்கேயே இருந்தா அதையும் நாங்களே குடிச்சுத் தீத்துடுவோம். அதனால வர்ற பௌர்ணமிக்கு என் கூட்டத்தோட வடக்கே போறேன். நான் இல்லாதப்ப உங்களுக்கு ஒரு தலைவர் வேணும். யாருன்னு யோசிச்சு வைங்க” என்றாள்.

கோடையில் தலைவர் வேலை சாதாரண வேலை அல்ல. மடுவில் யார் முதலில் குடிப்பது, யார் பிறகு குடிப்பது என்று முறை வைக்க வேண்டும். பெரிய கால்களுக்கு நடுவே சின்னக் குட்டிகள் மிதிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செந்நாய் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள்.

ஒருத்தி கரடி மாயக்கா. மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீரை மோந்தே கண்டுபிடிப்பாள். நகத்தால் கீறினால் ஓடை மணலில் ஊற்று எடுக்கும். ஆனால் வாய் மட்டும் கரடு. யாராவது பக்கத்தில் வந்தால், “என்ன வேணும்? சொல்லிட்டுப் போ” என்பதுதான் அவளுடைய வரவேற்பு.

இன்னொருவன் கடமான் வீரணன். உயரமானவன், கிளை விட்ட கொம்பு. முயல் எதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவான். பேச்சு இதமாக இருக்கும். தனியாக ஒரு திறமை என்று சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. ஆனால் தலைவனாக வேண்டும் என்ற ஆசை நிறைய இருந்தது. ஓடைக்கரைப் பாறைமேல் நின்று பேசுவதுபோல் யாரும் இல்லாத நேரத்தில் நின்று பார்த்துக்கொள்வான்.

காட்டில் முக்கால்வாசிப் பேர் கரடியின் பக்கம்தான் இருந்தார்கள். “வாய் கசந்தா என்ன? கை தண்ணி தோண்டுதே” என்றன முயல்கள்.

வீரணனுக்கு ஆதரவாக ஊர் சுற்றியவன் புனுகுப்பூனை சொக்கன். தேர்தல் நடப்பதற்கு முன்பே அவன் வீரணனைத் “தலைவரே” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். வீரணனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பௌர்ணமி நெருங்கிய ஒரு சாயங்காலம். வானம் திடீரென்று கறுத்தது. நாலு தூறல் விழுந்தது. மலைச்சரிவில் நின்ற வேங்கை மரத்தின்மேல் பெரிய இடி ஒன்று இறங்கியது. மரம் இரண்டாகப் பிளந்தது. காடே பதறி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்துபோனது. மழை அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பெண்மயில் செவந்தி அழுகிற சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள்.

காரைமுள் புதருக்கு அடியில் அவள் தரையில் கூடு வைத்திருந்தாள். முட்டைகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. இடிக்குப் பயந்து மரத்தின்மேல் பறந்தவள், நடுக்கம் தீராமல் விடியும்வரை அங்கேயே இருந்துவிட்டாள். இறங்கி வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

“யார் இந்த வேலையைச் செஞ்சது?” என்று கேட்டது ஒரு முயல்.

சொக்கன் புதரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு நின்றான்.

“நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை. அந்த முள்ளுல என்ன தொங்குதுன்னு மட்டும் பாருங்க” என்றான்.

முள்ளில் கொஞ்சம் கறுப்பு மயிர் தொங்கிக்கொண்டிருந்தது. கரடி மயிர்.

எல்லாத் தலைகளும் மாயக்கா பக்கம் திரும்பின.

“என்னையா பாக்கறீங்க?” என்றாள் மாயக்கா. அவள் மூக்கைச் சுருக்கினாள். “போங்க, போய் வேலையைப் பாருங்க” என்று உறுமிவிட்டு நடந்துவிட்டாள்.

“பாத்தீங்களா, நிக்கக்கூட முடியலை” என்றான் சொக்கன்.

மத்தியானத்துக்குள் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நேற்று வரை மாயக்காவைப் புகழ்ந்த முயல்கள் வீரணனைத் தேடி வந்து நலம் விசாரித்தன. காட்டுக்கோழிகள் வந்தன. குரங்குகள் கிளையிலிருந்தே கும்பிட்டன. வீரணனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அன்று அவன் கொம்பைக் கொஞ்சம் தூக்கியே நடந்தான்.

சாயங்காலம் செவந்திக்கு ஆறுதல் சொல்லப் போனான். தலைவனாகப் போகிறவன் போகாமல் இருக்கலாமா?

செவந்தி கூட்டுக்குப் பக்கத்தில் சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வீரணன் என்ன சொல்வது என்று தெரியாமல் குனிந்து கூட்டைப் பார்த்தான். மஞ்சள்கரு மண்ணோடு மண்ணாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஓடுகள் மண்ணுக்குள் அழுந்திக் கிடந்தன.

அவன் கொஞ்ச நேரம் எறும்புகளையே பார்த்தான்.

“செவந்தி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. கரடி முட்டை தின்னா என்ன மிச்சம் இருக்கும்?”

“என்ன இருக்கும்? ஓட்டைக்கூட நக்கிட்டுத்தான் போகும்.”

“இங்கே எறும்புக்கு இவ்வளவு மிச்சம் இருக்கே.”

செவந்தி நிமிர்ந்தாள். அவளும் எறும்புகளைப் பார்த்தாள்.

“ஆமாண்ணே. யாரும் தின்னலை” என்றாள் மெதுவாக. “தின்னிருந்தாலாவது ஒரு வயிறு நிறைஞ்சுச்சுன்னு நினைச்சுக்குவேன். தின்னாம எதுக்கு உடைக்கணும்?”

“தெரிஞ்சா வந்து சொல்லுங்கண்ணே” என்றாள் செவந்தி. “எதுக்குன்னு தெரியாமத்தான் எனக்குத் தாங்கலை.”

அந்தக் கேள்வி ஒட்டுப்புல் மாதிரி வீரணனைப் பிடித்துக்கொண்டது. உதறினாலும் விழவில்லை. தின்னாமல் உடைத்தது யார்? மறுநாள் காலையில் கொழுந்துப்புல் வாயில் இருக்கும்போதும் அதே கேள்விதான். கடைசியில் நேராக மாயக்காவின் குகைக்கே போனான்.

“என்ன வேணும்? சொல்லிட்டுப் போ” என்றாள் மாயக்கா.

“அக்கா, அந்தக் காரைமுள்ளுல உங்க மயிர் எப்படி வந்துச்சு?”

மாயக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “முதுகு சொறிஞ்சா வரும்.”

“என்னைக்குச் சொறிஞ்சீங்க?”

“மாசி மாசம் முழுக்க அங்கேதான் சொறிஞ்சேன். செவந்தி முட்டை வச்சதும் விட்டுட்டேன். இப்போ ஓடையோரம் இருக்கிற மருதமரத்துல சொறியறேன். போய்ப் பாரு, பட்டை உரிஞ்சிருக்கும்.”

“கூடு அங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். முட்டைன்னா எனக்கு உசிரு. ஆனா பக்கத்துல இருக்கிறவ முட்டையைத் தின்னுட்டு, தினமும் ஓடையில அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

வீரணனுக்கு ஆச்சரியமாக இருந்தது. “இதை ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?”

“யார் கேட்டா?” என்றாள் மாயக்கா. “எல்லாரும் சொன்னாங்க. ஒருத்தர்கூடக் கேக்கலை.”

வீரணன் திரும்பிப் போய் முள்ளில் இருந்த மயிரைக் கிட்டப் பார்த்தான். அது வெயிலில் செம்பட்டையாகியிருந்தது. அதன்மேல் சிலந்தி வலை பின்னி, வலையில் தூசியும் சருகும் சேர்ந்திருந்தன. நேற்று முந்தாநாள் வந்த மயிர் இல்லை அது. இவ்வளவு கிட்டத்தில் வந்து யாரும் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

புதருக்குச் சற்றுத் தள்ளி முள்ளம்பன்றியின் வளை இருந்தது. வீரணன் வளைவாயில் குனிந்து கூப்பிட்டான். தூக்கக் கலக்கத்தோடு முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது.

“இடி விழுந்த அன்னைக்கு நீங்க உள்ளேதானே இருந்தீங்க? மேலே ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. இடி இறங்கின உடனே யாரோ என் தலைக்குமேல ஓடினாங்க. மண்ணு கொட்டுச்சு.”

“கரடியா?”

“கரடி ஓடினா தொம்தொம்னு கேக்கும். அது மெத்துக் கால். இது தடதடன்னு கேட்டுது. குளம்புச் சத்தம்.”

“நல்லாத் தெரியுமா?”

“வளைக்குள்ள இருக்கிறவனுக்குக் காதுதான் கண்ணு” என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி மறுபடியும் தூங்கப் போய்விட்டது.

குளம்பு. அப்படியானால் காட்டுப்பன்றியாக இருக்கலாம். மேட்டில் மேயும் காட்டெருமையாகவும் இருக்கலாம். விடை கிட்டத்தில் வந்துவிட்டது என்று வீரணனுக்கு ஒரு துடிப்பு. மறுபடியும் கூட்டுக்குப் போனான். செவந்தி அப்போது இரை தேடப் போயிருந்தாள். மூக்கால் சருகுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். தூறலில் நனைந்து, பிறகு வெயிலில் இறுகிய மண்ணில், உடைந்த ஓடுகளுக்கு நடுவே ஒரு தடம் இருந்தது. பிளந்த குளம்பு. பன்றியின் குளம்பைவிட நீளம். காட்டெருமையின் குளம்பைவிட ஒடுக்கம். வெளிப்பக்க நுனியில் ஒரு சின்னத் துண்டு குறைந்திருந்தது.

போன வருடம் பாறையில் இடறி வீரணனின் வலது பின்னங்காலில் குளம்பின் நுனி தெறித்துப் போயிருந்தது.

அவன் அசையாமல் நின்றான். பிறகு மெல்லத் திரும்பி, பின்னங்காலைத் தூக்கி அந்தத் தடத்தில் வைத்தான். உறையில் கத்தி இறங்குவதுபோல் கால் உள்ளே இறங்கியது.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. இடி இறங்கியதும் கண்மண் தெரியாமல் சரிவில் ஓடியிருந்தான். ஓரிடத்தில் காலுக்கடியில் ஏதோ வழுக்கியது. விழுந்து கிடந்த பழம் என்று நினைத்தான். ஓடையில் இறங்கி நின்றபோது காலில் இருந்த பிசுக்கைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போனது. அதோடு மறந்துவிட்டான்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா தலைவரே?” என்று மேலிருந்து குரல் கேட்டது.

சொக்கன் கிளையில் படுத்திருந்தான்.

“உனக்குத் தெரியுமா?” என்றான் வீரணன்.

“அன்னைக்கே தெரியும். இடிக்கு நானும் இந்த மரத்துலதான் பதுங்கியிருந்தேன். நீங்க ஓடினதைப் பாத்தேன்.”

“பாத்துட்டா மாயக்காமேல பழி போட்டே?”

“நான் எங்கே போட்டேன்? முள்ளுல என்ன இருக்குன்னு பாருங்கன்னுதானே சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?”

சொக்கன் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான்.

“இங்க பாருங்க. நீங்க வேணும்னு மிதிச்சீங்களா?”

“இல்லை.”

“முட்டை திரும்பி வருமா?”

“வராது.”

“அப்புறம் எதுக்குக் கிளறணும்? பௌர்ணமி நாளைக்கு. காடே உங்க பக்கம் நிக்குது. தலைவராயிட்டு செவந்திக்கு ஏதாவது நல்லது பண்ணுங்க. மடுவுல முதல் தண்ணி அவளுக்குன்னு முறை வைங்க. மாயக்காவுக்கும் கோபம் ஆறினதும் ஏதாவது பொறுப்பு குடுங்க. நாலு பேருக்கு நல்லது பண்ணத்தானே பதவி? அது கையில இல்லைன்னா யாருக்கு என்ன பண்ண முடியும்?”

அந்தப் பேச்சு கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வீரணனுக்குப் பயமாக இருந்தது. திரும்பி ஓடைக்கு நடந்தான்.

ஓடையில் பல விலங்குகள் குடித்துக்கொண்டிருந்தன. அவனைப் பார்த்ததும் இடம் விட்டன. அவன் குனியும்போது மாயக்கா வந்தாள். முயல்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தன. காட்டுக்கோழிகள் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டன. ஒரு நொடியில் கரை காலியாகிவிட்டது. மாயக்கா காலியான கரையைப் பார்த்தாள். இரண்டு வாய் குடித்தாள். பிறகு தாகம் தீராமலே திரும்பி நடந்தாள்.

வீரணன் தண்ணீரைப் பார்த்தான். அவனுக்கு அதில் வாய் வைக்க மனம் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் செவந்தியைத் தேடிப் போனான். நாளைக் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து அவள் இதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

“யாருன்னு தெரிஞ்சுடுச்சு செவந்தி.”

“யாருண்ணே?”

“நான்தான்.”

செவந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கால்களைப் பார்த்தாள்.

“எந்தக் கால்?”

“வலது பின்னங்கால்.”

“பாக்கலையா?”

“பாக்கலை. பயந்து ஓடினேன்.”

எங்கோ ஒரு குக்குறுவான் பறவை கூவிக்கொண்டே இருந்தது.

“நானும் பயந்துதான் பறந்தேன்” என்றாள் செவந்தி. “நான் கூட்டுல இருந்திருந்தா கத்தியிருப்பேன். நீங்க ஒதுங்கியிருப்பீங்க.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இப்போ போங்கண்ணே. உங்களைப் பாக்க முடியலை.”

மறுநாள் காலையில் எல்லோரும் பாறையடியில் கூடினார்கள். பெரியநாச்சி தும்பிக்கையை உயர்த்தினாள். “மாயக்கா வேணும்ங்கறவங்க நாவல் மரத்தடிக்குப் போங்க. வீரணன் வேணும்ங்கறவங்க...”

“கொஞ்சம் பொறுங்க” என்றான் வீரணன்.

அவன் பாறைமேல் ஏறவில்லை. கீழேயே நின்று சொன்னான். முட்டைகளை மிதித்தது தான்தான் என்றான். தடத்தைப் பார்த்ததைச் சொன்னான். முள்ளில் இருந்த மயிர் மாசி மாதத்தில் வந்தது என்றும், முட்டை இட்ட பிறகு மாயக்கா அந்தப் பக்கம் சொறியப் போனதில்லை என்றும் சொன்னான். “பழி அவங்கமேல விழுந்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்” என்றான்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

“தெரியாம நடந்ததுதானே” என்று கத்தினான் சொக்கன். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

“இதைச் சொல்லாம இருந்திருந்தா இவன் ஜெயிச்சிருப்பான். புத்தி கெட்டவன்” என்றது ஒரு குரங்கு. “முட்டையை மிதிச்சவன் நாளைக்கு என் குட்டியையும் மிதிப்பான்” என்றது ஒரு முயல்.

மாயக்கா வீரணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக நாவல் மரத்தடிக்குப் போனார்கள். செவந்தியும் அங்கேதான் போனாள். வீரணன் பக்கம் அவன் இனத்து மான்களான இரண்டு கிழ மிளாக்களும் சொக்கனும் மட்டும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சொக்கனும் இடம் மாறிக்கொண்டான். மாயக்கா தலைவியானாள். யானைகள் வடக்கே போயின.

வீரணனுக்கு வலித்தது. பல நாள் அவன் மேட்டிலேயே தனியாக மேய்ந்தான். ஆனால் ஓடைக்கு வரும்போது மாயக்காவுக்கு முன்னால் தலை குனிய வேண்டியிருக்கவில்லை. அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

கோடை முற்றியது. ஓடை பாளம் பாளமாக வெடித்தது. மடு மட்டும் மிஞ்சியது. மாயக்கா இரவு பகல் பாராமல் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தாள். நகம் தேய்ந்தது. ஆனால் வாய் மாறவில்லை. “வரிசையா வா”, “போதும், நகரு”, “அழாதே, குடி” என்று உறுமிக்கொண்டே இருந்தாள். அவள்மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும். என்றாலும் பழைய பயம் அடிமனதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஊற்றும் வறண்டது. மடு சேறாகத் தொடங்கியது.

மாயக்கா மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே மலை ஏறிப் போனாள். திரும்பி வந்து எல்லோரையும் கூட்டினாள்.

“மலைக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்குல சுனை இருக்கு. இன்னைக்கே கிளம்புங்க” என்றாள்.

யாரும் அசையவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லலை, சும்மா கேக்கறேன்” என்றான் சொக்கன். “நாம எல்லாரும் மலை ஏறிட்டா, இந்த மடுவுல மிச்சம் இருக்கிற தண்ணி யாருக்கு?”

முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “அதானே” என்றது ஒரு காட்டுக்கோழி. “இருக்கிறதை விட்டுட்டு இல்லாததைத் தேடிப் போய் நடுவழியில செத்தா?” என்றது ஒரு குரங்கு.

மாயக்காவுக்குக் கோபம் வந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று கர்ஜித்தாள். அதோடு எல்லோரும் இன்னும் பின்வாங்கினார்கள். சேற்றில் நின்ற தண்ணீர் மூன்று நாளைக்குக்கூடப் போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று தெரியவில்லை. அவள் கால்களை இறக்கிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் பார்த்தாள். அங்கே வீரணன் நின்றிருந்தான்.

“ஏப்பா வீரணா, நீ போய்ப் பாத்துட்டு வா. பாத்ததை வந்து சொல்லு” என்றாள்.

வீரணன் உடனே புறப்பட்டான். மறுநாள் வெயில் தாழும் நேரத்தில் திரும்பி வந்தான். முட்டியில் சிராய்ப்பு இருந்தது. எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

“சுனை இருக்கு. நான் குடிச்சேன். தண்ணி நல்லா இருக்கு” என்றான். கூட்டம் பெருமூச்சு விட்டது. அவன் நிறுத்தவில்லை. “ஆனா மெல்லிசாத்தான் கசியுது. ஒவ்வொருத்தராத்தான் குடிக்க முடியும். ஏத்தம் கஷ்டம், குட்டிகளைச் சுமந்துதான் போகணும். நடுவழியில செந்நாய் எச்சம் பாத்தேன், பழசுதான், ஆனாலும் பாத்தேன். மழை வரைக்கும் அந்தச் சுனை தாங்குமான்னு எனக்குத் தெரியலை. இந்த மடு தாங்காதுன்னு தெரியும்.”

இப்படிப் பாதிக்குப் பாதி பயமுறுத்தினால் யார்தான் வருவார்கள் என்று மாயக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

செவந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முட்டை உடைந்த நாளிலிருந்து அவள் வீரணனோடு பேசியதே இல்லை.

“நான் போறேன்” என்றாள்.

“அவன் சொல்றதை நீயா நம்பறே?” என்று கேட்டான் சொக்கன். “உன் முட்டையை மிதிச்சவன் அவன்.”

“ஆமா. அதை எனக்கு யார் வந்து சொன்னது?” என்றாள் செவந்தி. “பொய் சொல்றவரா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஜெயிச்சும் இருக்கலாம்.”

அவள் மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். பறந்து போயிருக்கலாம். குட்டிகள் பின்தொடர வேண்டும் என்பதற்காக நடந்தாள். முதலில் ஒரு முயல் போயிற்று. பிறகு அதன் குட்டிகள், காட்டுக்கோழிகள், குரங்குகள், முள்ளம்பன்றி. கடைசியில் எவரும் மிஞ்சவில்லை. மாயக்கா மோப்பம் பிடித்தபடி முன்னால் போனாள். வீரணன் முயல் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். ஏற்றத்தில் ஒரு கிழ மிளா விழுந்து இறந்துபோனாள். மற்ற எல்லோரும் மறுநாள் காலையில் சுனையை அடைந்தார்கள்.

சொக்கனும் வந்து சேர்ந்தான். கூச்சத்தோடு ஒதுங்கி நின்றான். வீரணன் அவனைப் பார்த்து, “உன் முறை வந்துடுச்சு, குடி” என்று மட்டும் சொன்னான்.

எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் மாயக்கா குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வீரணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தண்ணி எங்கே இருக்குன்னு என் மூக்குக்குத் தெரியும். ஆனா நான் கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டேங்கறான்” என்றாள். “இனிமே நீ தலைவனா இருப்பா. நான் மூக்கா இருக்கேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாயக்கா சொல்லி மற்றவர்கள் சிரித்தது அதுவே முதல் தடவை. வேண்டாம் என்று சொல்ல வீரணன் வாயெடுத்தான். அதற்குள் முயல்கள் வந்து, நாளைக்கு யார் முதலில் குடிப்பது என்று அவனிடம் முறை கேட்க ஆரம்பித்துவிட்டன.

தலைவனுக்குத் திறமை வேண்டும், வலிமையும் வேண்டும். ஆனாலும் தனக்கு எதிரான உண்மையைத் தானே தேடிப் போய்ச் சொல்கிறவனின் வார்த்தையை நம்பித்தான் ஊர் ஆபத்தில் காலடி எடுத்து வைக்கும்.